அம்மியில் கிடந்த இலை

போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல், பொதிகை மலையில் வாழும் காணிப் பழங்குடிகளின் மருந்துச் செடிகளைப் பற்றி இரண்டு இளைஞர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு ஒரே வடிவம்தான். முன்னால் மலையும் மழையும் மக்களும் வரும், நடுவில் நீளமாக ஓர் அட்டவணை, கடைசியில் நன்றி. அட்டவணையில் செடியின் பெயர், குடும்பம், வட்டாரப் பெயர், பயன்படும் உறுப்பு, தீரும் நோய். நான் எப்போதும் அட்டவணையைத்தான் முதலில் பார்ப்பேன். 23-வது வரியில் கண் நின்றுவிட்டது. வட்டாரப் பெயர், பாட்டன்பச்சிலை. உறுப்பு, இலை. நோய், ஆறாத புண். அந்தப் பெயரில் காணிகளிடம் எந்தச் செடியும் கிடையாது. அந்தப் பெயரை எழுத்தில் ஏற்றியவன் நான். அந்த இலை எந்தப் புண்ணையும் ஆற்றாது என்பதும் எனக்குத் தெரியும். 2007-லிருந்தே தெரியும். தெரிந்தும், ஒரே ஒருவரைத் தவிர இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் செடியின் உண்மையான பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த இளைஞர்களை அடையாளம் காட்டியதாகிவிடும். அவர்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை. அச்சில் கிடந்ததை நம்பி எடுத்திருக்கிறார்கள். அச்சில் கொண்டுபோய்ப் போட்டவனுடைய கதைதான் இது.

அப்பாவின் கடையும் நானும்

அம்பாசமுத்திரத்தில் அப்பா நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். சுக்கு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம் என்று கலந்து அடிக்கும் வாசனை எங்கள் சட்டையிலேயே இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவன் முதல் நாளே 'உங்க வீட்டுல யாருக்கும் பிரசவமா' என்று கேட்டான். மலையிலிருந்து காணிகள் இறங்கி வரும் நாட்களில் கடை வாசலில் கூட்டமாக இருக்கும். தேன், குங்கிலியம், நன்னாரி வேர், காட்டு மிளகு என்று கொண்டுவருவார்கள். அப்பா எடை போடும்போது யாரும் தராசைப் பார்க்க மாட்டார்கள், அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நினைத்தே அப்பா கொஞ்சம் கூடுதலாகவே காசு கொடுப்பார் என்று அம்மா குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

நான் தாவரவியல் படிக்கப் போனது அந்த வாசனையால்தான். 2003-இல் முதுகலைக் கடைசி வருஷம், ஆய்வேட்டுக்குத் தலைப்பாகக் காணிகளின் மூலிகை அறிவை எடுத்துக்கொண்டேன். பாபநாசத்திலிருந்து காரையாறு பஸ்ஸில் ஏறி, சோதனைச்சாவடியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, முண்டந்துறை, சொரிமுத்தையனார் கோயில் தாண்டிப் போனால் அணைக்கட்டுப் பக்கம் காணிக் குடியிருப்புகள். அங்கே காடு வெயில் காலத்தில் இலை உதிர்த்து நிற்கும். நாம் மழைக்காடு என்கிறோமே, அது இன்னும் மேலே, கன்னிகட்டி, பூங்குளம் பக்கம், தாமிரபரணி பிறக்கிற இடத்தில். பகலிலும் வெளிச்சம் தரையைத் தொடாது, அட்டை காலில் ஏறுவது தெரியாது. அகத்தியமலை உயிர்க்கோளத்தில் உயர்தாவரங்கள் மட்டும் 2,254 வகை என்றும், அவற்றில் சுமார் 400 வகை இங்கே தவிர வேறெங்கும் இல்லை என்றும் யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. நான் பார்க்கப் போன தாத்தாவுக்கு இந்த எண் தெரியாது. மேலே ஏறும்போது எந்த மரத்தடியில் எது முளைக்கும் என்று மட்டும் தெரியும்.

அவரைத் தாத்தா என்றே சொல்லிக்கொள்கிறேன். வைத்தியமும் சாற்றும் செய்கிற ஆளைக் காணிகள் பிலாத்தி என்பார்கள். சாற்று என்பது கொக்கரையை உரசிக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடி நோயை இறக்குவது. கொக்கரை ஓர் இரும்புக்குழல், பல் பல்லாக வெட்டியிருக்கும், கம்பியால் உரசினால் காடே சிலிர்க்கிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் ஆய்வேட்டின் அட்டவணையில் கொக்கரைக்கு இடமில்லை. அதற்கு உறுப்பும் கிடையாது, குடும்பமும் கிடையாது. நானும் கேட்கவில்லை.

தாத்தா நன்றாகப் பேசுவார். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. இங்கே என் காதில் தங்கிய விதத்தில் எழுதுகிறேன். ஏழெட்டு தடவை போனதில் 41 செடிகளைக் காட்டினார். எதை எப்போது பறிக்கணும், எதைத் தொடக்கூடாது, எதற்குப் பத்தியம் என்று பொறுமையாகச் சொன்னார். பாம்புக்கடி என்று ஒருநாள் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வாசலில் இறக்கவே விடவில்லை. 'இங்க வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதிய, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்று விரட்டிவிட்டார். வைத்தியம் பார்க்கிறவருக்கு எது தன் கையில் இல்லை என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அன்றைக்கு ஒரு செடி குறைந்துவிட்டதே என்றுதான் இருந்தது.

அந்த ஒரு மருந்து

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் கீழேயிருந்து வருவார். தாத்தா விடியும் முன்னே தனியாகப் போய் எதையோ பறித்துவருவார். அம்மியில் அரைப்பார். கறுப்பாக, பிசின் மாதிரி ஒரு களிம்பு. மூன்று வாரத்தில் அந்தப் புண்ணின் ஓரம் சிவந்து சதை பிடித்ததை நானே பார்த்தேன். என்ன செடி தாத்தா என்று கேட்டேன். 'அது சொல்லுதது இல்ல தம்பி' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அறிவைப் பூட்டி வைப்பது பாவம் என்று உண்மையாகவே நம்பினேன். இந்த ஆள் செத்தால் மருந்தும் சாகும், எத்தனை பேருக்குக் கால் போகும் என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அந்த வாதம் இன்றைக்கும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கடியில் இன்னொன்று இருந்தது. ஆய்வேட்டை வழிநடத்திய ஆசிரியர் என் 41 செடிகளையும் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் ஏற்கெனவே வந்ததுதானப்பா, புதுசா ஒண்ணு வேணும்' என்றிருந்தார்.

அடுத்த தடவை போனபோது தாத்தா அரைத்து முடித்து, களிம்பைத் தேக்கிலையில் வழித்துக்கொண்டு உள்ளே போனார். அம்மி ஓரத்தில் நசுங்கிய இலைத் துண்டுகள் நாலைந்து ஒட்டிக்கிடந்தன. நான் அவற்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. போகிற வழியில் அதே இலையை ஓடைக்கரையில் பார்த்துவிட்டேன். கொப்போடு ஒடித்தேன். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் இதுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, 'பாட்டன் பச்சிலை' என்றன. பாட்டன் பறிக்கிற பச்சிலை என்றுதான் சொல்லியிருக்கின்றன. அதை நான் ஒரே சொல்லாகச் சேர்த்து வட்டாரப் பெயர் என்று எழுதிக்கொண்டேன். செய்தித்தாளுக்கு நடுவே அமுக்கிக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, இனம் கண்டு, 42-வது செடி ஆக்கினேன். ஆசிரியர் சந்தோஷப்பட்டார். அடுத்த வருஷமே அந்த அட்டவணையை ஒரு கட்டுரையாக்கி வெளியிட்டார். என் பெயர் இரண்டாவதாக இருந்தது. தாத்தாவின் பெயர் இல்லை. 'தகவல் தந்தவர்கள்' என்று இருந்தது.

ஆரோக்கியப்பச்சை

அந்த நாட்களில் எனக்குத் துணிவு கொடுத்தது ஆரோக்கியப்பச்சையின் கதை. தெரிந்தவர்கள் மன்னிக்கவும், என் தப்பை விளங்கிக்கொள்ள அது வேண்டும். இதே மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் சரிவில், 1987-இல் மூலிகை ஆய்வுக்கு ஒரு குழு ஏறியது. புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானி தலைமை. அவர்களுக்கு மூச்சு வாங்கியது, வழிகாட்டிக்கொண்டு முன்னே நடந்த காணி இளைஞர்களுக்கு வாங்கவில்லை. அந்த இளைஞர்கள் ஏதோ ஒரு சின்னக் காயை அவ்வப்போது வாயில் போட்டு மென்றுகொண்டே நடந்தார்கள். குழுவுக்கும் கொடுத்தார்கள், களைப்பு பறந்தது. என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை, வெளி ஆளுக்குச் சொல்லக்கூடாது என்றார்கள். பிறகு சொன்னார்கள். அந்த ஆரோக்கியப்பச்சைச் செடியோடு அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையத்தில் உருவானது. 1995-இல் கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் போனது. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு. 1997-இல் அதற்கென்றே காணிகளின் பேரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. பூர்வகுடிகளின் அறிவுக்கு முன்கூட்டியே பங்கு ஒதுக்கியதில் உலகத்துக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. 1992-இல் ரியோவில் போட்ட உயிர்ப்பன்மை உடன்படிக்கையைக் காகிதத்திலிருந்து தரையில் இறக்கிக் காட்டிய முயற்சி அது, அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை.

எனக்கு அப்போது தெரிந்த கதை அவ்வளவுதான். சொன்னார்கள், மருந்து ஆனது, காசு வந்தது. பிறகுதான் மீதியைப் படித்தேன். 1995-இலேயே ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்காதீர்கள் என்று. வழிகாட்டிய இளைஞர்கள் பிலாத்திகள் இல்லை. காணி முறைப்படி மருந்து பிலாத்தியின் பொறுப்பு. ஆக, சொன்னவர்கள் வேறு, பொறுப்புள்ளவர்கள் வேறு. இன்னொன்று என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. காணிகள் காட்டியது காய். மருந்தானது இலை. ஆய்வுக்கூடத்தில் சத்தைத் தேடியபோது இலையிலும் இருப்பதைக் கண்டார்கள், அது அவர்கள் உழைப்பு. காய் மட்டும் காணியுடையது, இலை ஆய்வுக்கூடத்துடையது என்று பிரித்துவிட முடியுமா? அந்தச் சரிவில் அப்படிப் பிரிக்கவில்லை என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் நல்ல குணம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் மலை முகட்டில் ஒரு கோடு போகிறது. அதே செடி இந்தச் சரிவிலும் மரநிழலில் முளைக்கிறது, அதே காணிகள் இந்தச் சரிவிலும் இருக்கிறார்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. தாத்தாவிடம் ஜீவனி பற்றிச் சொன்னபோது, 'நம்ம ஆளுவதான், பொண்ணு குடுத்திருக்கோம் அங்க' என்று மட்டும் சொன்னார்.

2007, தை மாதம்

படிப்பு முடிந்து வேலைக்குப் போய் நாலு வருஷம் கழித்து, ஒரு வேட்டியும் வெற்றிலைக்கட்டும் வாங்கிக்கொண்டு தாத்தாவைப் பார்க்கப் போனேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்ததால், அட்டவணையை மட்டும் ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழில் என் கையால் எழுதிக்கொண்டு போனேன். உங்ககிட்ட வாங்குனதை உங்ககிட்டயே கொடுக்கேன் என்று சொல்லிக் கொடுக்கிற எண்ணம். மனசறிய நல்ல எண்ணம்தான். 42-வது வரியை எழுதும்போது கொஞ்சம் தயங்கினேன். பிறகு எழுதினேன். அதை அவர் கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்கணும் என்று ஏனோ தோன்றியது.

பேத்தி எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து அவள்தான் வாசித்தாள். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில வரிகளுக்குத் தலையாட்டினார், சில வரிகளுக்கு ஆட்டவில்லை. நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கடைசி வரியை அவள் வாசித்தாள். பாட்டன்பச்சிலை, இலை, அரைத்துப் பூசினால் ஆறாத புண் ஆறும். வாசித்துவிட்டு, 'இது எது பாட்டா?' என்று அவளே கேட்டாள். தாத்தா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் ஓடைக்கரையிலிருந்து ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து காட்டினேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே அம்மியைக் காட்டினேன். எடுத்தேன் தாத்தா என்றேன்.

அவர் இலையை வாங்கி விரலால் தடவினார். சொரசொரப்பான இலை அது, உப்புத்தாள் மாதிரி இருக்கும். 'இது அம்மி களுவுத எலைலா' என்றார்.

அந்த மருந்தை அரைப்பதற்கு முன்னால் அம்மியில் பழைய வாடை எதுவும் இருக்கக்கூடாதாம். முந்தினநாள் அரைத்தது காரமோ, நஞ்சோ, கல்லின் பள்ளத்தில் தங்கியிருக்கும், தண்ணீர் போதாது. சாம்பலைப் போட்டு இந்த இலையால் நாலு தடவை தேய்த்துக் கழுவிய பிறகுதான் மருந்தைக் கல்லில் வைப்பார். நான் எடுத்தது தேய்த்துப் போட்ட இலை. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. 'இதைப் படிச்சுட்டு எவனும் புண்ணுல போட்டானா?' இல்லை தாத்தா, அப்படியெல்லாம் யாரும் போட மாட்டாங்க, இது படிக்கிறவங்களுக்கு மட்டும் என்றேன். 'படிக்கிறவனுக்குப் புண்ணு வராதா?' என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பேத்தி நோட்டை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் சொன்னார்: 'அன்னைக்கே நீ கேட்டிருந்தா, இது இல்ல தம்பின்னாவது சொல்லியிருப்பேம்லா.'

கேட்டால் சொல்ல மாட்டார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். மருந்தைச் சொல்லியிருக்க மாட்டார்தான். ஆனால் இது மருந்து இல்லை என்பதைச் சொல்லியிருப்பார். சொல்லாத மனுஷரிடமிருந்தும் இவ்வளவு கிடைத்திருக்கும் என்பது என் புத்தியில் எட்டவே இல்லை. பஸ் வரும் வரைக்கும் அவரோடுதான் உட்கார்ந்திருந்தேன். வேட்டியை வாங்கிக்கொண்டார். வெற்றிலையை எனக்கும் மடித்துக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து ஆசிரியரிடம் சொன்னேன். திருத்தம் ஒன்று அனுப்பிவிடலாம் சார் என்றேன். 'அச்சாயிடுச்சு, விடு, யார் பார்க்கப்போறா' என்றார். நானும் விட்டுவிட்டேன். அவர் சொன்னதற்காக விட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். திருத்தம் எழுதினால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள், அம்மியிலிருந்து எடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

தனி டப்பா

அப்பாவின் கடையில் மேல் தட்டில் பூட்டிய தகரடப்பா ஒன்று இருக்கும். அதில் சேங்கொட்டை, நேர்வாளம், எட்டிக்கொட்டை. யார் கேட்டாலும் அப்பா உடனே இறக்க மாட்டார். யாருக்கு, எந்த வைத்தியர் எழுதினார், சுத்தி செய்து நஞ்சை முறிக்கத் தெரியுமா என்று மூன்று கேள்வி. சேங்கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். எட்டியைச் சுத்தி செய்யாமல் கொடுத்தால் ஆள் விறைத்துச் சாவான். பதில் சரியில்லாவிட்டால் 'சரக்கு இல்லை' என்று சொல்லிவிடுவார். டப்பா நிறைய இருக்கும்போதே சொல்வார். நான் ஒருநாளும் அப்பாவைச் சுயநலக்காரர் என்று நினைத்ததில்லை. அறிவைப் பூட்டி வைக்கிறார் என்று அவர்மேல் ஆத்திரப்பட்டதில்லை. தாத்தா அதையே செய்தபோது மட்டும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் என்று யோசித்தால் பதில் நன்றாக இல்லை. அப்பா கடைக்காரர், அவர் டப்பா அவருடையது என்று நினைத்தேன். காடு யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே காட்டில் இருப்பவருக்குத் தெரிந்ததும் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரில் தேட வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடம்பு மெலிய மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. சீன மருத்துவத்தில் 'ஃபாங் ஜி' என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகளுக்கு உண்டு. சேர்க்க வேண்டிய கொடிக்குப் பதில் அதே பெயரில் வந்த வேறொன்று சேர்ந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். பலருக்குப் பிறகு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. மாறி வந்த அந்தக் கொடி நம் ஈசுவரமூலியின் இனம். நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் ஈசுவரமூலியிலும் அதே நஞ்சு உண்டு. வருஷக்கணக்கில் மெதுவாகச் சிறுநீரகத்தைத் தின்னுகிற நஞ்சை, மூன்று வாரத்தில் புண் ஆறுகிறதா என்று பார்க்கிற கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறது. காணிகளுக்குத் தெரிந்ததெல்லாம் பிழையற்றது என்று நான் வாதாட வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போகிற இலை சரியான இலையாக இருக்க வேண்டும், அதைச் சரி என்று சொல்லக்கூடியவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நம்மைப் போன்றவர்கள் நேராகப் போய்க் கேட்பதில்லை.

எதை மேற்கோள் காட்ட?

அட்டவணையைப் பார்த்த மறுநாள் அந்த இளைஞர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். திருத்தத் தயார், ஆனால் எதை மேற்கோள் காட்டுவது சார் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் பொய்க்கு அச்சில் ஆதாரம் இருக்கிறது, பக்க எண்ணோடு. தாத்தாவின் 'இது அம்மி களுவுத எலை' என்ற வார்த்தைக்கு எங்கேயும் பக்க எண் கிடையாது. சட்டத்திலும் இந்தப் பிளவு ஓடுகிறது. சித்த மருத்துவத்தின் பழைய நூல்கள் மருந்துச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் பெயராக இருக்கின்றன. 2002-இன் உயிர்ப்பன்மைச் சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம், அப்படி நூலில் ஏறிய அறிவைப் பயன்படுத்துகிற இந்தியர்கள் பயன்பகிர்வு, அதாவது லாபத்தில் அறிவுக்குரியவர்களுக்குப் பங்கு, கொடுக்க வேண்டாம் என்கிறது. நூலில் ஏறாத அறிவு, அதாவது தாத்தாவின் நெஞ்சில் இருந்த மாதிரியான அறிவு, இன்னும் பகிர்வுக்கு உட்பட்டது. நெஞ்சில் இருந்ததை நோட்டில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் என்னைப் போன்ற மாணவர்கள்தான். படிப்புக்காகப் போகிற இந்தியன் தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று அந்தச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. திண்ணையில் கேட்பதற்குச் சட்டம் வேண்டுமா என்ன.

திருத்தத்தை நானே எழுதி வெளியிடுவது, அதை அவர் மேற்கோள் காட்டுவது என்று முடிவு செய்தோம். எழுத உட்கார்ந்தபோது, இந்தத் தடவையாவது கேட்டுவிட்டு எழுதணும் என்று தோன்றியது. தாத்தா இப்போது இல்லை. பேத்தி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போன ஞாயிற்றுக்கிழமை காரையாறு போனேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். 'அம்மி எலை அண்ணாச்சி' என்று பிள்ளைகளுக்குச் சொன்னாள். இந்தப் பதிவைப் பெயர் போடாமல் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், எழுதிக்கோங்க என்றாள். திருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, 'அந்த ஒரு வரியை மட்டுமா எடுப்பாங்க, இல்ல எல்லாத்தையுமா?' என்றாள். மத்ததெல்லாம் சரிதானேம்மா, தாத்தா சொன்னதுதானே என்றேன்.

'சொன்னாரு. உங்ககிட்ட சொன்னாரு' என்றாள்.

உள்ளே போய் அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்துவந்தாள். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது, என் கையெழுத்து மங்கியிருந்தது. 42-வது வரி அடித்திருந்தது. அதற்கு மேலே இன்னும் ஆறு வரிகளும் அடித்திருந்தன. நான் போன பிறகு பல சாயங்காலம் தாத்தா அவளைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, சில வரிகளில் நிறுத்தி, அடி என்றாராம். நீலப் பேனாவில், அளவுகோல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை அடித்த கோடுகள். தப்பு என்று அடிக்கச் சொன்னாரா, வெளியே போயிருக்கக்கூடாது என்று அடிக்கச் சொன்னாரா என்று கேட்டேன். 'தெரியல அண்ணாச்சி. அடிக்கச் சொன்னாரு, அடிச்சேன்.' அந்த ஆறு வரியும் இருபது வருஷமாக அச்சில் இருக்கின்றன.

கைபேசியை எடுத்து, படம் எடுத்துக்கவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். 'சித்தப்பன்மார்கிட்டயும் மூட்டுக்காணிகிட்டயும் கேட்டுச் சொல்லுதேன்' என்றாள். மூட்டுக்காணி என்றால் காணிகளின் ஊர்த்தலைவர். நான் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். குடியிருப்புக்குள் சிக்னல் கிடைக்காது, அணைப்பக்கம் ஏறி வந்தால்தான் கிடைக்கும். அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு ஊசி போட அந்த வழியாக வருவாளாம், அப்போது கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். திருத்தம் பாதியில் நிற்கிறது. அந்த இளைஞருக்கும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.